ஒலியா, குடும்பமா, வடிவமா: வீட்டில் ஆங்கில வாசிப்பைத் தொடங்க மூன்று வழிகள்

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், எழுத்துகளைச் சொல்லக் கற்ற குழந்தை அவற்றை அடுத்தடுத்துச் சொன்னாலே சொல் கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘சி, ஏ, டி’ என்று எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ பிறக்காது. இந்த இடைவெளியைக் கடக்க வீட்டில் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: தனி ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவது, ஈற்றொலி ஒத்த சொற்களைக் குடும்பமாகப் பழக்குவது, முழுச் சொல்லையும் அட்டையில் காட்டி மனத்தில் பதியவைப்பது. முதலிரண்டும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு வாசிக்கக் கற்பிக்கும் ‘ஃபோனிக்ஸ்’ முறையின் கிளைகள். மூன்றாவது அதற்குப் போட்டியாக வருவது.

ஒலி கூட்டும் முறையில் எழுத்தின் பெயர் பின்னுக்குப் போய், அதன் ஒலி முன்னே வருகிறது. எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் கற்பிப்பது பரவலான வழக்கம். அந்த ஆறைக்கொண்டே இருபதுக்கு மேற்பட்ட சிறு சொற்களைப் படித்துவிடலாம் என்பதால், எல்லா எழுத்துகளையும் முடிக்கும்வரை குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே வீட்டில் நேரும் பெரும்பிழை, மெய்யொலியோடு ஓர் அகரத்தை ஒட்டிச் சொல்வதாகும். ‘ஸ, இ, ட’ என்று கற்ற குழந்தை அவற்றை எப்படிச் சேர்த்தாலும் ‘ஸிட்’ என்ற சொல்லை எட்ட முடியாது. ‘ஸ், இ, ட்’ என்று கற்றால் எட்டிவிடும். புள்ளி வைத்த மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை அறிந்த தமிழ்ப் பெற்றோருக்கு இது புதிய பாடமே அன்று. அந்த அறிவை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் சென்றால் போதும். நீட்டி ஒலிக்கக்கூடிய ஸ், ம், ஃப் போன்றவற்றில் தொடங்கும் சொற்களை முதலில் தருவது நல்லது. ‘ம்ம்ம்’ என்று இழுத்தபடியே அடுத்த ஒலிக்கு வழுக்கிச் செல்லலாம். ட், ப் போன்ற வெடிப்பொலிகளில் அதற்கு இடமில்லை.

தமிழ் எழுத்து உதவாத இடமும் ஒன்று உண்டு. குண்டூசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் தமிழில் எழுதினால் ‘பின்’ என ஒன்றாகவே தெரியும். ஆங்கிலத்தில் அவை வேறு எழுத்து, வேறு ஒலி. குழந்தையின் உள்ளங்கையை அதன் வாய்க்கு முன் வைக்கச் சொல்லுங்கள். குண்டூசியைச் சொல்லும்போது காற்று வந்து மோதும். குப்பைத் தொட்டியைச் சொல்லும்போது அவ்வாறு மோதாது. ஆகவே ஆங்கில ஒலிகளைத் தமிழில் எழுதிவைத்துக் கற்பிப்பதைவிட, காதாலும் வாயாலும் கற்பிப்பதே சரி.

சொற்குடும்ப முறையின் கவர்ச்சி அதன் வேகம். ‘கேட்’ தெரிந்தால், தொப்பிக்கான ‘ஹேட்’, பாய்க்கான ‘மேட்’ ஆகியவை உடனே வந்துவிடுகின்றன. எதுகை போன்ற அந்த ஒலியொற்றுமை நான்கு வயதுக் குழந்தைக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் ஈறு மாறாதபோது குழந்தை முதலெழுத்தை மட்டும் பார்த்துப் பழகுகிறது. ‘கேட், கேப், கேன்’ என்று ஈற்றை மாற்றியவுடன் தடுமாறுகிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, ஒழுங்குமுறையாகக் கற்பிக்கப்படும் ஃபோனிக்ஸ் பயனளிக்கிறது என்றே சொன்னது. அதன் வகைகளுள் ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாக மேலானது என்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் வீட்டுக்கு நான் ஒலி கூட்டலையே முதலில் வைப்பேன். குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் விரியும். ஒலிகள் 44 அளவிலேயே நிற்கும். குழந்தை தவறும்போது எந்த ஒலியில் தவறியது என்பதும் பெற்றோருக்கு அப்போதே தெரிந்துவிடும். சொற்குடும்பத்தை, கூட்டக் கற்ற பிறகு வேகம் கூட்டும் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம்.

சொல் அட்டைகள் முதல் சில வாரங்களில் வியக்கத்தக்க பலனைக் காட்டும். நம்மை ஏமாற்றுவதும் அதுவே. ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் ‘ஹவுஸ்’, குதிரையைக் குறிக்கும் ‘ஹார்ஸ்’ ஆகிய இரண்டிலும் ஐந்தெழுத்துகளில் நடுவெழுத்து மட்டுமே வேறு. வடிவத்தை நம்பும் குழந்தைக்கு அவை ஒன்றாகவே தெரிவதில் வியப்பில்லை. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டோல்ச் 1936இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியல் இன்றும் அட்டைகளாக அச்சிடப்படுகிறது; ஆனால் அதிலுள்ள ‘அண்ட்’, ‘பிக்’, ‘ரன்’ போன்ற பல சொற்களை ஒலி கூட்டியே படித்துவிடலாம். விதிக்கு அடங்காதவற்றிலும் முழுச் சொல்லும் அடங்காமல் போவதில்லை. ‘சொன்னார்’ என்று பொருள்படும் ‘செட்’ (said) என்ற சொல்லில் முதலெழுத்தும் கடையெழுத்தும் வழக்கமான ஒலியையே தருகின்றன. நடுவிலுள்ள ‘ஏ, ஐ’ இணை மட்டுமே ‘எ’ என மாறி ஒலிக்கிறது. மனப்பாடம் தேவைப்படுவது அந்த இணைக்கு மட்டுமே.

குழந்தை படிக்கிறதா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் நடத்தப்படும் ஃபோனிக்ஸ் தேர்வில் 40 சொற்களுள் 20 பொருளற்ற, புனைந்த சொற்கள். வீட்டிலும் ‘வெம்’, ‘நெப்’ போன்ற இரண்டு மூன்று சொற்களை எழுதிக் காட்டலாம். கூட்டக் கற்ற குழந்தை தயங்கினாலும் படித்துவிடும். அட்டையில் மட்டும் பழகிய குழந்தை, தெரிந்த வேறொரு சொல்லைச் சொல்லும்.

செயலிகள் ஒலியைத் திருத்தமாகச் சொல்லிக் காட்டப் பயன்படும். குழந்தை சொல்வதைக் கேட்டுத் திருத்துவதற்கு அருகில் ஒருவர் வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில், கற்ற ஒலிகளாலேயே அமைந்த சொற்கள் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஊகிக்கத் தூண்டும் புத்தகங்கள் கூட்டும் பழக்கத்தைக் கெடுத்துவிடுகின்றன. நாள்தோறும் பத்து நிமிடம் போதுமானது. ஆங்கிலம் பேசாத வீட்டில், படித்து முடித்த சொல்லின் பொருளைத் தமிழில் உடனே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் சரியாக ஒலித்த சொல்லும் குழந்தைக்கு வெறும் ஓசைதான்.

ஏற்கெனவே அட்டைகளால் ஐம்பது சொற்களை அறிந்த குழந்தையை மீண்டும் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டியதில்லை. அந்த அட்டைகளையே எடுத்து, ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை ஒலிகள் கேட்கின்றன என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஓரெழுத்தை மட்டும் மாற்றி எழுதி, புதிய சொல்லைப் படிக்க விடுங்கள்.