டையோடு பெட்டி: ஏழு அறை சரி, ஒன்று மட்டும் தவறு

மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகளில் எட்டு வகையைத் தனித்தனி அறைகளில் போட்டு விற்கிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி இது. இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். சர்க்யூட் கட்டிப் பழகுகிறவர்களுக்கு நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் அதைச் செய்யாததால் ஒரு மாலை முழுக்கப் போனது.

பேட்டரியை யாராவது தலைகீழாக மாட்டினாலும் போர்டு எரியக்கூடாது என்று பாசிட்டிவ் ஒயரில் ஒரு 1என்5819 போட்டிருந்தேன். ஷாட்கி வகை, உலோகமும் குறைகடத்தியும் தொடும் இடமே அதன் சந்தி, அதனால் குறைந்த கரண்டில் 0.3 வோல்ட் அளவுதான் எடுத்துக்கொள்ளும், சாதாரண சிலிக்கான் டையோடு 0.7 பக்கம் எடுக்கும், 3.7 வோல்ட் பேட்டரியில் அந்த மிச்சம் பெரிய விஷயம். போர்டோ திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. சால்டரிங், ஒயர், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியில் அந்த டையோடையே கழற்றி மீட்டரில் வைத்தால் 0.58 வோல்ட் காட்டுகிறது. ஷாட்கி என்றால் 0.2 பக்கத்தில் காட்ட வேண்டும். மேலே அச்சிட்ட எண் ஒன்று, உள்ளே இருப்பது சாதாரண சிலிக்கான். அந்த அறையில் இருந்த பத்தும் அப்படியே.

மற்ற அறைகளில் குறை இல்லை. ஏசியை டிசியாக்க நான்கு 1என்4007 வைத்து பிரிட்ஜ் கட்டினேன்: 12 வோல்ட் ஏசியின் உச்சம் ஏறக்குறைய 17, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இரண்டு டையோடு வழியாகப் போவதால் ஒன்றுக்கு 0.7 வீதம் 1.4 கழித்தால் 15.6, கெபாசிட்டரில் லோடோடு அளந்ததும் அதை ஒட்டியே வந்தது. ரிலே காயிலுக்குக் குறுக்கே தலைகீழாகப் போடவும் இதுவே போதும். ட்ரான்சிஸ்டர் அணைந்த நொடியில் காயிலின் கரண்ட் சட்டென்று நிற்காது, சுற்றி ஓட ஒரு வழி இல்லாவிட்டால் வோல்டேஜ் எகிறி ட்ரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். வேகமான ஸ்விட்சிங் வேலைக்கு மட்டும் 4007 வேண்டாம், அணைய நேரம் எடுக்கும். சின்ன சிக்னலுக்கு 1என்4148 இருக்கிறது, 4 நானோ நொடியில் அணைந்துவிடும். பெட்டியோடு வந்த தாளில் இந்த நேரக் கணக்கே இல்லை, போட்டிருக்கலாம்.

அப்புறம், 1என்5408-இன் கால்கள் தடிமன், பிரெட்போர்டில் நுழையாது. வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் ஜீனர் டையோடு ஒன்றுகூட இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

விற்றவருக்கு மீட்டர் படத்தோடு எழுதினேன், கேள்வி கேட்காமல் வேறு பத்து அனுப்பினார்கள். புதியவை 0.19 காட்டுகின்றன. ஒன்றை மாட்டினேன், போர்டு ரீசெட் ஆகாமல் ஓடுகிறது.