மீன்பிடிக்கு வரம்பு: நாளைக் குறைப்பதா, எடையை எண்ணுவதா, இடத்தை மூடுவதா?

ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு கணக்கில் வைத்திருக்கும் கடல்மீன் இருப்புகளில் 1974 இல் 10 சதவீதம்தான் அளவுமீறிப் பிடிக்கப்பட்டவை. 2021 இல் அது 37.7 சதவீதம். ஏதாவது வரம்பு வேண்டும் என்பதை இப்போது யாரும் பெரிதாக மறுப்பதில்லை, எந்த வரம்பு, யாருக்கு என்பதில்தான் சண்டை. விசைப்படகுதான் கடலைத் துடைக்கிறது என்பார் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுபவர், வாரக்கடைசியில் வரும் ஆயிரக்கணக்கான தூண்டில்களை ஏன் யாரும் கேட்பதில்லை என்பார் தொழிலாகச் செய்பவர். இரண்டு பக்கத்து விதிகளையும் எடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது: இந்த விதி அமலில் இருந்தால், மொத்தம் எவ்வளவு மீன் செத்தது என்று யாருக்காவது தெரியுமா?

முதலில் தொழில்முறை மீன்பிடி. இங்கே பழைய வழி, படகையும் நாளையும் குறைப்பது. இத்தனை நாள்தான் கடலுக்குப் போகலாம், வலைக்கண் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எஞ்சின் சக்தி இதைத் தாண்டக்கூடாது. கண்காணிப்பது சுலபம், துறைமுகத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் நாளை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அலாஸ்காவில், ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனைப் பிடித்த கதையைப் பார்த்தால் போதும். படகுகள் பெருகப் பெருக, வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வைத்த மொத்த அளவைத் தாண்டாமல் இருக்க, பருவத்தைச் சுருக்கிக்கொண்டே போனார்கள். 1990-களின் தொடக்கத்தில் முக்கியப் பகுதிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 24 மணி நேரம், அவ்வளவுதான். அந்த நாளில் புயல் அடித்தாலும் போயே ஆக வேண்டும், தூங்காமல் கொக்கிக் கயிறு இழுக்க வேண்டும், நேரம் முடிந்ததும் எடுக்க முடியாத கயிறுகளை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும், அவை அடியில் கிடந்து யாருக்கும் பயன்படாமல் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரைக்கு வந்ததால் மீனில் பெரும்பகுதி உறைய வைக்கப்பட்டு மலிவாகப் போனது.

1995 இல் இதை மாற்றி, மொத்தப் பிடிப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். உன் பங்கு உனக்கு, எட்டு மாதத்தில் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பிடி. கரையில் எடை போடும்போதே அவரவர் கணக்கிலிருந்து கழிந்துவிடும். வானிலை சரியில்லை என்றால் வீட்டில் இருக்கலாம். கடைக்குப் புது மீன் போகும், விலையும் கிடைக்கும். இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்தால் எனக்குத் தயக்கமே இல்லை, பங்கு முறைதான் மேல்.

ஆனால் பங்கு முறைக்கு இரண்டு பெரிய ஓட்டை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஒன்று, மொத்த அளவே தப்பாக இருந்தால் அதை எவ்வளவு ஒழுங்காகப் பங்கு போட்டும் பிரயோஜனம் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனுக்கு வருடாந்தர வரம்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் பெரிய இழுவைப் படகுகள் கருவி வைத்து மிச்சமிருந்த கூட்டங்களைத் தேடித் தேடிப் பிடித்ததால், கடலில் மீன் வற்றிக்கொண்டிருந்த காலத்திலும் ஒரு படகுக்குக் கிடைத்த மீன் குறையவில்லை. அந்த அளவை நம்பித்தான் கடலில் இருக்கும் இருப்பையே கணக்கிட்டார்கள். கரையோரச் சிறு மீனவர்கள் மீன் சிறுத்துவிட்டது, வரத்து குறைந்துவிட்டது என்று முன்னாடியே சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்க ஆள் இல்லை. 1992 ஜூலையில் மொத்தமாகத் தடை போட்டபோது சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்தத் தடையை எடுக்க 2024 வரை ஆனது.

இன்னொன்று, பங்கை விற்கலாம் என்றால் அது பணம் இருப்பவன் கையில் போய்ச் சேரும். ஐஸ்லாந்தில் 1980-களில் யார் பிடித்துக்கொண்டிருந்தார்களோ அவர்களுக்கே பங்கு போனது. பங்கு இல்லாமல் கடலுக்குப் போய்த் தண்டனை வாங்கிய இரண்டு மீனவர்கள் ஐநாவின் மனித உரிமைக் குழு வரை போனார்கள், 2007 இல் அந்தக் குழு இது பாகுபாடு என்றே சொன்னது. அலாஸ்காவில் ஒருவர் எவ்வளவு பங்கு வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பும், பல பங்குகளுக்கு உரிமையாளரே படகில் இருக்க வேண்டும் என்ற விதியும் முதலிலிருந்தே இருந்தன. இந்த இரண்டும் இல்லாத பங்கு முறையை நான் ஆதரிக்க மாட்டேன்.

சரி, இடத்தை மூடுவது? மெக்சிகோவின் காபோ புல்மோவில் 1995 இல் கடல் பூங்கா அமைத்து, உள்ளூர்க்காரர்களே காவல் காத்தார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. பாறையை விட்டு நகராத மீனுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. கடல் முழுக்கச் சுற்றும் சூரைக்கு ஒரு சின்னக் கட்டத்தை மூடி என்ன பயன், கட்டத்துக்கு வெளியே காத்திருந்து பிடிப்பார்கள். மூடாமல், அந்தந்த இடத்தை அந்தந்த ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவது என்று ஒரு வழியும் இருக்கிறது. சிலியில் 1991 சட்டத்தின்கீழ் லோகோ என்ற கடல் நத்தைக்கு அப்படித்தான் செய்தார்கள். நகராத உயிரினம், சின்னப் படகுகள், ஒருவரை ஒருவர் தெரிந்த ஆட்கள் என்றால் இதுவே போதும். ஆளுக்கு ஆள் கணக்கும் தராசும் வைக்க ஆகும் செலவு மிச்சம்.

இனி பொழுதுபோக்கு மீன்பிடி. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, தூண்டிலில் எவ்வளவு மீன் போய்விடும் என்ற நினைப்பு. 2004 இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி அமெரிக்காவின் மொத்தக் கடல்மீன் பிடிப்பில் பொழுதுபோக்குக்காரர்களின் பங்கு 4 சதவீதம்தான். ஆனால் ஏற்கெனவே நலிந்துபோன இனங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 23 சதவீதம்.

இங்கே வழக்கமான விதி, ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மீன். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை, அதனால் மொத்தத்துக்கும் வரம்பு இல்லை. மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் மீனை இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரித்திருந்தார்கள். தொழில் தரப்பு 2007 முதல் பங்கு முறையில் தன் அளவுக்குள் நின்றது. தூண்டில் தரப்புக்கு நாளைச் சுருக்கிச் சுருக்கி, 2017 இல் சொந்தப் படகில் போகிறவர்களுக்கு மத்திய அரசின் கடற்பகுதியில் மூன்றே நாள் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, அப்புறம் 39 நாள் கூட்டிக் கொடுத்தார்கள். ஹாலிபட்டில் நடந்த அதே ஓட்டப்பந்தயம்தான் இதுவும்.

'பிடித்து விட்டுவிடுகிறோமே' என்பவர்களுக்கு ஒன்று. ஆழத்திலிருந்து ஸ்னாப்பரை வேகமாக மேலே இழுத்தால் உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதி, வயிற்றுப்பகுதி வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும், கண் வெளியே தள்ளும். அதைக் கொக்கியிலிருந்து கழற்றித் தண்ணீரில் விட்டால் கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதக்கும். எடை கட்டித் திரும்ப ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவி இருக்கிறது, அதைப் படகில் வைத்திருப்பதையாவது எல்லா இடத்திலும் கட்டாயமாக்கலாம். ஆழம் குறைந்த இடத்து மீனுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனை விட்டுவிட்டாலும் 9 சதவீதம் செத்துவிடும் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள்.

அளவு விதியிலும் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது: சின்னதை விடு, பெரியதை எடு. குஞ்சைக் காப்பாற்றுவது சரிதான், ஆனால் பெரிய தாய்மீனை எடுப்பது பெரிய நஷ்டம். 30 கிலோ காட் ஒன்று இடும் முட்டை, இரண்டு கிலோ காட் 28 சேர்ந்து இடுவதைவிட அதிகம். அதனால் இதற்கும் கீழே கூடாது, அதற்கும் மேலே கூடாது, நடுவில் உள்ளதை மட்டும் எடு என்ற இரட்டை வரம்பை நான் எண்ணிக்கை விதிக்கு மேலே வைப்பேன். ஆனால் அதுவும் தனியாக மொத்தப் பிடிப்பைக் கட்டுப்படுத்தாது.

இரண்டு தரப்பையும் ஒரே கணக்கில் கொண்டுவந்ததில் எனக்குப் பிடித்தது மறுபடியும் அலாஸ்காதான். 2014 முதல் அங்கே சில பகுதிகளில் ஹாலிபட்டுக்கு ஒரே மொத்த அளவு, அதில் தொழில் படகுகளுக்கு ஒரு பகுதி, பயணிகளைத் தூண்டில் போட அழைத்துப்போகும் படகுகளுக்கு ஒரு பகுதி. மீன் வரத்து குறைந்தால் இரண்டுக்கும் குறையும். கூடுதலாக வேண்டுமென்றால் பயணிகள் படகுக்காரர் தொழில்காரரிடமிருந்து அந்த வருடத்துக்குப் பங்கை வாடகைக்கு வாங்கலாம். யார் யாரைக் கைகாட்டினாலும் மொத்த அளவு ஏறாது.

சொந்தப் படகில் போகும் தனி ஆளை இதற்குள் கொண்டுவருவதுதான் கஷ்டம், ஆனால் முடியாத காரியம் இல்லை. அலபாமா மாநிலம் 2014 முதல் கரையேற்றும் ஒவ்வொரு ரெட் ஸ்னாப்பரையும் படகுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது, கைபேசியிலேயே சொல்லிவிடலாம். மீன்பிடி நாட்களை இன்னும் சுருக்குவதற்கு முன்னால் எந்த அரசும் செய்ய வேண்டியது இதைத்தான், அதோடு திரும்ப விட்ட மீனையும் அதே இடத்தில் எழுத வைக்க வேண்டும்.