தேனீ விஷ கேப்ஸ்யூல் என்று சொல்லி 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். கேன்சர் நோயாளி உள்ள வீட்டார் படியுங்கள்

வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 18,500 ரூபாய் போச்சு.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. முகநூலில் தேனீ விஷ கேப்ஸ்யூல் விற்கும் ஒரு இயற்கை வைத்தியப் பக்கம். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று கிளம்புவார்கள், அதனால் போடவில்லை.

விளம்பரத்தில் போட்டிருந்த செய்தி உண்மை. அதுதான் கொடுமையே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள ஹாரி பெர்கின்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 2020-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். தேனீ விஷமும் அதிலுள்ள மெலிட்டின் என்ற பொருளும் மார்பகப் புற்றுச் செல்களைக் கொன்றிருக்கின்றன, அதிலும் மூன்று புரதச் சோதனையிலும் நெகட்டிவ் என்று வரும் டிரிபிள் நெகட்டிவ் வகையை.

வீடியோ காலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். பயாப்சி ரிப்போர்ட் அனுப்பச் சொன்னார். ஈஆர், பிஆர், ஹெர்2 என்ற அந்த மூன்றுக்கும் நேரே நெகட்டிவ் என்று இருந்ததை அவரே எடுத்துக் காட்டி, "இந்த வகைக்குத்தான் தம்பி அங்க வேலை செஞ்சிருக்கு" என்றார். ஆஸ்பத்திரியில்கூட யாரும் அந்த மூன்று வரியை எங்களுக்கு இப்படி உட்கார்ந்து விளக்கியதில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதே 18,500 அனுப்பிவிட்டேன்.

வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா. மருந்து தயாரிப்பு உரிம எண் எங்கும் இல்லை, ஊறுகாய் பாட்டிலில் இருக்குமே அந்த 14 இலக்க உணவு உரிம எண்தான் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் "இது மருந்தல்ல". லேபிளில் தேனீகூட இல்லை, உடம்பெல்லாம் முடி மண்டிய பம்பிள்பீ என்ற வேறு வகை ஈயின் படம்! அதே ஆய்வில் பம்பிள்பீ விஷம் புற்றுச் செல்களை ஒன்றும் செய்யவில்லை. அதில் மெலிட்டினே கிடையாது.

அக்காவின் டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெலிட்டின் 26 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத் துண்டு, விழுங்கினால் சாப்பிட்ட பருப்பு மாதிரி வயிற்றிலேயே செரித்துவிடும் என்றார். ஆய்வகத்தில் அதைச் செல்கள் மேல் நேராக விட்டிருக்கிறார்கள், எலிகளுக்கு ஊசியாகப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஊசியாக மனிதருக்குப் போடலாமென்றால், அது சிவப்பணுக்களையும் உடைக்கக்கூடியது. புற்றை மட்டும் தேடிப்போய்த் தாக்க வைப்பதுதான் இன்னும் பெரிய சிக்கலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "தம்பி" போய் "சார்" வந்தது. "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல சார்." "சீனியர் டாக்டர் கேம்ப்ல இருக்கார் சார்." கடைசியாக ஒரு வாய்ஸ் நோட்: கீமோவை நிறுத்திப் பாருங்க, அது உடம்புல இருக்கறதாலதான் இது பிடிக்கல. 18,500 ரூபாயைவிட அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இதைக் கேட்டு எத்தனை பேர் நிறுத்தினார்களோ! திருப்பித் திட்டினேன், பிளாக் செய்துவிட்டார்கள்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. உணவு உரிம எண் போட்டு மருந்து என்று விற்றால் வாங்காதீர்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் முகம் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. கீமோவை நிறுத்தச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். வாய்ஸ் நோட்டை மட்டும் அழிக்காதீர்கள். நான் புகாரோடு அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.