பெட்டியைத் தூக்கிப் பாருங்கள்: டொங்காட்டில் தேனீ வாடகை

தாத்தா கூலிக்குக் கரும்பு வெட்டிய, தென்னாப்பிரிக்காவின் டொங்காட் பக்கத்தில் நான் 4 ஹெக்டேரில் மகடேமியா என்ற கொட்டை மரம் வைத்திருக்கிறேன். கரும்புக்குத் தேனீ வேண்டாம், இந்த மரத்துக்கு வேண்டும். ஒரு கொத்தில் நூற்றுக்கு மேல் பூத்தாலும் பத்து, இருபது காய் நின்றால் அதிர்ஷ்டம். இரண்டு ரகங்களை அடுத்தடுத்த வரிசையில் நட்டு, ஒன்றின் மகரந்தத்தைத் தேனீ மற்றதற்குச் சுமந்தால் காய்ப்பு கூடும்.

சென்ற ஆண்டு வேறொருவரிடம் 10 தேனீப் பெட்டி வாடகைக்கு எடுத்து ஏமாந்தேன். மொட்டுப் பருவத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். தேனீக்கள் பக்கத்துத் தைலமரப் பூவுக்குப் பழகிக்கொண்டு என் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிகளை அவர் எடுத்துப் போன இரவில்தான் தூக்கக் கைகொடுத்தேன். மூன்று பெட்டிகள் உள்ளே ஒன்றுமில்லாததுபோல் காற்றாக எழும்பின. அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு வந்தவர்கள் ஒரு கணவன் மனைவி. பத்தில் ஒரு பங்கு பூ விரிந்ததும் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்ட இரண்டாம் இரவு சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் இறக்கினார்கள். "சிவப்பு அவற்றின் கண்ணுக்குத் தெரியாது அண்ணா" என்றார் அந்தப் பெண். காலையில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். முகம் சுளிக்காமல் புகை காட்டி மூடியை எடுத்தார். அடை கட்டும் 10 மரச் சட்டங்களில் 8-ல் தேனீ அப்பிக்கிடந்தது, 5-ல் தேனீக் குஞ்சுகளான புழு. புழுவுக்கு ஊட்டத்தான் மகரந்தம் தேடி அலையும், புழு இல்லாத பெட்டிக்கு வாடகை தராதீர்கள் என்று அவரே சொன்னார். அப்போது வாசலில் வந்திறங்கிய தேனீ ஒன்றின் பின்னங்கால்களில் அரிசி நொய் அளவு மகரந்த உருண்டைகள்.

பெட்டிக்கு 900 ராண்ட், மலிவு இல்லை. தண்ணீர்த் தொட்டி நம் பொறுப்பு. தேனீ மூழ்காமலிருக்கக் குச்சிகளை மிதக்கவிட வேண்டும். மருந்து அடிப்பதானால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கத் தேனீயின் கோபம் வேறு: புல்வெட்டும் இயந்திரத்தோடு அருகே போன தம்பி நான்கு நாள் வீங்கிய காதோடு திரிந்தான்.

ஒரு குறை உண்டு. ஒற்றை வார்ப்பட்டையால் கட்டியிருந்த பெட்டியைத் தேன் தின்னும் வளைக்கரடி உருட்டி, அடையைப் பிய்த்துவிட்டது. மறு இரவே காசு வாங்காமல் வேறு பெட்டி வைத்தார்கள்.

காய்ப்பிடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது. எடை போட மார்ச் ஆகும். அடுத்த பூவுக்கு 12 பெட்டி சொல்லிவைத்துவிட்டேன், பெட்டிக்கு இரண்டு வார்ப்பட்டையோடு.