மதுரைக்குக் காரில் ஒரு நாள்: எங்கே நிறுத்துவது, எதைப் பார்ப்பது, எப்போது சாப்பிடுவது

மதுரைக்குக் காரில் வரலாம், ஆனால் மதுரையைக் காரில் சுற்ற முடியாது. மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிந்த ஊர் இது. மதிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வண்டிக்கு அனுமதியே கிடையாது. மேப்பில் கோயில் பெயரைப் போட்டு ஓட்டினால் ஏதாவது கடைத்தெருச் சந்தில் போய் முட்டும். பின்னால் ஆட்டோவும் பைக்கும் நெருக்கி நிற்க, அங்கிருந்து ரிவர்ஸ் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் வடக்கு ஆவணி மூல வீதியில் உள்ள மாநகராட்சியின் பல அடுக்கு பார்க்கிங்கைக் குறித்துக்கொண்டு, கூட்டம் சேர்வதற்கு முன்பே வந்து வண்டியைப் போட்டுவிடுங்கள். தங்குவதாக இருந்தால் ரயில் நிலையத்தை ஒட்டிய லாட்ஜ்கள் வசதி. "பார்க்கிங் உண்டு" என்று போனில் சொன்னால் உள்ளே இடம் இருக்கிறதா, தெருவோரம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய வண்டியாக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கோயில் நடை காலை 5 மணிக்குத் திறந்து மதியம் 12.30 மணிக்குச் சாத்தும். மறுபடி திறப்பது மாலை 4 மணிக்கு. வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பதினொரு மணிக்கு வந்து வரிசையில் நின்றால் தரிசனம் கிடைக்கலாம், கோயிலைப் பார்த்ததாக ஆகாது. காலை ஏழு மணிக்குள் போங்கள். அரை டிரவுசர், கையில்லாத சட்டையோடு விடமாட்டார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு செல்போனுக்கும் தடை வந்துவிட்டது.

போனையும் செருப்பையும் எந்தக் கோபுர வாசலில் கொடுக்கிறீர்களோ, அந்த வாசல் வழியாகவே வெளியே வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கிழக்கில் கொடுத்துவிட்டு மேற்கில் வெளியேறினால், வெயிலில் சுட்ட கல்லில் வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும். குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிவந்தால் அது கொடுமை. உள்ளே போன் இல்லாததால், பிரிந்துபோனால் சேர்வதற்கு ஓர் இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். முக்குறுணி விநாயகர் சன்னிதி அதற்குத் தோது. அத்தனை பெரிய பிள்ளையாரை யாரும் தவறவிட மாட்டார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமி சன்னிதிக்குப் போவது இங்கே வழக்கம். பொற்றாமரைக் குளத்தின் தென்கரைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தங்க விமானம் கண்ணுக்கு நேரே தெரியும். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள். அதற்குத் தனி டிக்கெட், வாங்கலாம்.

வெளியே வந்ததும் "மாடியிலிருந்து கோபுரம் பாருங்கள், இலவசம்" என்று கைவினைப் பொருள் கடைகளுக்கு அழைப்பார்கள். காட்சி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இறங்கும்போது சால்வையும் கம்பளமும் விரித்துவைத்திருப்பார்கள். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் ஏறாதீர்கள்.

காலைப் பலகாரத்துக்கு மேல மாசி வீதி. இட்லியும் நாலைந்து வகைச் சட்னியும் போதும், வயிற்றை நிரப்பாதீர்கள். 1921 செப்டம்பரில் காந்தி மேல்சட்டையை விட்டு நான்கு முழ வேட்டிக்கு மாறிய வீடு இதே வீதியில்தான் இருக்கிறது. இப்போது அங்கே கதர் கடை நடக்கிறது.

நடை சாத்தும் நேரத்தில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்விடலாம். ஆட்டோவே மேல். 1636இல் கட்டியது. இன்று நிற்பது மூல அரண்மனையில் ஏறத்தாழ கால் பங்குதான், அதுவே அண்ணாந்து பார்க்க வைக்கிறது. தூணை இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தால் பருமன் புரியும். கைக்கு எட்டும் உயரம் வரை பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மகாலிலிருந்து விளக்குத்தூண் பக்கம். ஜிகர்தண்டாவுக்கு வெயில் உச்சியில் இருக்கும் நேரம்தான் சரி. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாசுந்தி ஐஸ்கிரீம். பால் பழுப்பேறி இருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் காய்ச்சவில்லை, எசன்ஸ்தான். இனிப்பு தூக்கல் என்று நினைப்பவர்கள் சர்பத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்துத் தருவார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு வைகையைத் தாண்டி தல்லாகுளம் பக்கம் போங்கள், இதற்குக் காரை எடுக்கலாம். அம்மா மெஸ்ஸில் எலும்பு மஜ்ஜை ஆம்லெட்டும் அயிரை மீன் குழம்பும் பெயர் பெற்றவை. அயிரை விரல் நீளம்கூட இராது, முள்ளோடு அப்படியே மென்றுவிடலாம். பக்கத்திலேயே ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம் இயங்குகிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன் நிற்க நேரம் ஒதுக்குங்கள்.

மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645இல் வெட்டியது. மையமண்டபம், காற்று, சுற்றிலும் தள்ளுவண்டிக் கடைகள். சுக்கு வாசனையோடு சூடான பருத்திப்பால் ஒரு டம்ளர் குடியுங்கள்.

இரவுக்குச் சிம்மக்கல் கோனார் கடையின் கறிதோசை. கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மட்டன் கொத்துக்கறி, திருப்பிப்போட்டு வேகவிடுகிறார்கள். கறி கல்லில் பட்டுப் பொரிந்த ஓரம்தான் ருசி. ஆளுக்கு ஒன்று தாராளம். முன்னாலேயே பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பாதியில் வைத்துவிட்டு எழ வேண்டிவரும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் இந்தத் திட்டம் எதுவும் செல்லாது. பாதி ஊரை அடைத்துவிடுவார்கள், அப்போது ரயிலில் வாருங்கள்.

கிளம்பும்போது மல்லி வாங்குவீர்கள். விரிந்த பூ வேண்டாம், மொட்டாகக் கட்டிய சரமாகக் கேளுங்கள். வாழை இலையில் சுற்றி, ஏசி காற்று நேராகப் படாத பின்சீட்டில் வையுங்கள். டேஷ்போர்டில் வைத்தால் மேலூர் தாண்டுவதற்குள் வாடிவிடும்.