ஃபிக்ஸி ஓட்டுபவர்களே, கிட்டில் வரும் 15 மி.மீ. ஸ்பேனரை நம்பாதீர்கள்

ஃபிக்ஸி என்கிற ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்கென்றே (சக்கரம் சுழலும்வரை பெடலும் கூடவே சுழலும் வண்டி) செய்தது, வேறெதுவும் தேவையில்லை என்று சொல்லி விற்ற ஒரு டூல் கிட்டை ஆன்லைனில் வாங்கினேன். அழகான சின்னப் பை. மூன்று மாதம் திறக்காமலே சீட்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது என் தப்புதான்.

ஒருநாள் இரவு பின்சக்கரம் பஞ்சர். மாற்று டியூப் இருந்தது. ஆனால் என் வண்டியில் கையாலேயே சக்கரத்தைக் கழற்ற உதவும் குவிக் ரிலீஸ் கிடையாது. பின் ஆக்சிலில் இரண்டு பக்கமும் 15 மி.மீ. நட்டு. கிட்டில் இருந்த ஸ்பேனரை மாட்டி எடையைக் கொடுத்து அழுத்தினேன். வழுக்கியது. விரல் முட்டி சட்டத்தில் இடித்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். இன்னும் இரண்டு முறை முயன்றுவிட்டு செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், ஸ்பேனரின் வாய் விரிந்திருந்தது. வெறும் தகட்டை வெட்டி முலாம் பூசியிருக்கிறார்கள். நட்டின் மூலைகள் மழுங்கிப் பளபளத்தன.

சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே இழுத்து ஒட்டலாமே என்பீர்கள். ஒட்டலாம். ஆனால் கிட்டில் இருந்த பசை காய்ந்து கட்டியாகியிருந்தது. ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

விற்றவரிடம் கேட்டேன். திருப்பி எடுக்கும் நாள் முடிந்துவிட்டதாம். அதோடு நான் அளவுக்கு மீறி அழுத்திவிட்டேனாம்! இந்த நட்டுகளை இறுக்குவதே சுமார் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில். லேசாக இறுக்கினால் மிதிக்கும் வேகத்தில் சக்கரம் ஒருபக்கம் இழுபட்டு, செயின் தளர்ந்து கழன்றுவிடும். மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் ஃப்ரீவீல் இல்லாத வண்டியில் கழன்ற செயின் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். சிக்காவிட்டாலும் காலால் வேகத்தைக் குறைக்கும் வழி போய்விடும். முன்பிரேக்கும் இல்லாதவர் கதி என்ன?

அப்புறம் வீட்டில் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: கிட்டின் செயின் கட்டர் கியர் வண்டிகளின் மெல்லிய செயினுக்கானது. என் 1/8 அங்குலச் செயின் அதில் உட்காரவே இல்லை. 'ஃபிக்ஸிக்கென்றே' செய்தது!

இப்போது என்னிடம் இருப்பது ஒரு சாண் நீளமுள்ள, அடித்துச் செய்த எஃகு ரிங் ஸ்பேனர். ரிங் நட்டைச் சுற்றிலும் பிடிக்கும், எளிதில் வழுக்காது. பெடலைக் கழற்ற ரிங் உதவாது, அது வீட்டு வேலை. அதோடு டியூப், இரண்டு டயர் லீவர், பம்பு, புதுப் பசையோடு ஒட்டு, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ. பின் பல்சக்கரத்தைப் பூட்டும் வளையத்துக்கான லாக்ரிங் ஸ்பேனரை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். சில வண்டிகளில் முன் நட்டு 14 மி.மீ. இருக்கும், அளந்துகொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், வாங்கிய அன்றே அந்த ஸ்பேனரை மட்டும் வைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றி, மாட்டி, நன்றாக இறுக்கிப் பாருங்கள். சரியில்லையென்றால் திருப்பி அனுப்ப அப்போதுதான் நாள் இருக்கும்.