பெயரில்லா ஃபாலிஸ், ஏ2 வகை: பைசாந்தியச் செப்புக் காசை வாங்கும் முன்

பைசாந்தியக் காசு, அதாவது இன்றைய துருக்கியை மையமாகக் கொண்டிருந்த கிழக்கு ரோமப் பேரரசின் காசு, என்றதும் எல்லோரும் தங்க சாலிடஸைத் தேடுகிறார்கள். முதல் காசாக இந்தச் செப்பு ஃபாலிஸையே வாங்கச் சொல்வோம். பேரரசர் பெயர் இல்லாத இந்தக் காசுகளை வடிவத்தை வைத்து ஏ, பி, சி என்று வகை பிரிக்கிறார்கள், ஏ2 அவற்றில் ஒன்று. விலை பல மடங்கு குறைவு, அரசியலோ இதில்தான் அடர்த்தி.

தலைப்பக்கத்தில் பேரரசர் இல்லை. சிலுவை பொறித்த ஒளிவட்டத்தோடு கிறிஸ்து, கையில் நற்செய்தி நூல். பின்பக்கம் நான்கு வரியில் 'இயேசு கிறிஸ்து, அரசர்களின் அரசர்'. பேரரசர் முதலாம் ஜான் சிமிஸ்கெஸ் (969–976) தொடங்கிய இந்த வழக்கம் 1092 நாணயச் சீர்திருத்தம் வரை நீடித்தது. 288 ஃபாலிஸ் சேர்ந்தால்தான் ஒரு தங்கக் காசு. அதாவது சந்தையில் தினமும் கை மாறிய சில்லறையில் ஆள்பவர் தன் பேரையே எடுத்துவிட்டார். பிறகு பேரரசர் ஐசக் கொம்னெனோஸ் (1057–1059) தங்கக் காசில் உருவிய வாளோடு நின்றார். ஆட்சியைக் கடவுள் தரவில்லை, வாள்தான் தந்தது என்கிறாரா என்று அக்காலத்தவர் கடிந்துகொண்டார்கள். காசில் என்ன இருக்கிறது என்பதை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.

எடையை மட்டும் நம்பிப் போலியைக் கண்டுபிடிக்க முடியாது. ஏ2-வில் 8 கிராமும் உண்டு, 18 கிராமும் உண்டு. விளிம்பைச் சுற்றி உருப்பெருக்கியால் பாருங்கள். வார்ப்புப் போலி என்றால் மெல்லிய இணைப்புக் கோடோ, பரப்பில் குண்டூசி முனையளவு குமிழிக் குழிகளோ தெரியும். மண் ஒட்டியதுபோல் அழகாக இருந்தால் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஓரத்தில் துடையுங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அது பூச்சு.

எழுத்துக்கு அடியில் வேறு எழுத்து தெரிந்தால் குறை என்று ஒதுக்காதீர்கள். பழைய காசை உருக்காமல் அதன்மேலேயே புது அச்சை அடிப்பது அன்று வழக்கம். ஏ2-வின் மேல் பி, சி வகைகள் அடிக்கப்பட்டதை வைத்தே எது முந்தியது என்று வரிசைப்படுத்த முடிகிறது.

வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் வாங்க வேண்டாம். உள்ளே தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்பை அரிக்கிறது. இறுகிப் பளபளக்கும் கரும்பச்சைக் களிம்பு வேறு, அது காசுக்குக் கவசம். சொம்பு துலக்குவதுபோல் புளி, எலுமிச்சை போட்டால் அந்தக் கவசம் போய்ச் செம்பு இளித்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

முகம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை. ஒளிவட்டத்திலும் நூலட்டையிலும் உள்ள புள்ளிகள் தெளிவாக இருக்கிறதா பாருங்கள், உட்பிரிவை அவைதான் சொல்லும். துருக்கியிலிருந்து பழங்காசு வெளியேறச் சட்டம் தடை போடுவதால், காசு வந்த வழிக்கான ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.